ஒழுகாத குழாய்

அவள் படுத்தபடியே சமைத்தாள். கை மட்டும் அவனுடையது.

"பருப்பு அடிபிடிக்குது."

"இப்பத்தானே கிண்டினேன்."

"மேலாகக் கிண்டினீங்க. கரண்டி அடியில பட்டா சத்தம் கேக்கும். எனக்குக் கேக்கலை."

அவன் கரண்டியை அடிவரை விட்டான். ஒட்டியிருந்தது கரகரவென்று பெயர்ந்து வந்தது. அடுப்பைத் தணித்தான்.

"உப்பு போட்டாச்சா?"

"போட்டேன்."

"கையாலயா, கரண்டியாலயா?"

"கையால."

"அப்ப இன்னும் கொஞ்சம் போடுங்க. உங்க கைக்கு எப்பவும் ஒரு தயக்கம்."

வீடு ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, பக்கத்தில் ஒரு பெஞ்சு. எதிர் மூலையில் தரையில் ஒரு பலகை, அதன்மேல் மடித்துப் போட்ட போர்வை, போர்வைமேல் அவள். கையில் ஒரு வட்டக் கண்ணாடி. சுவரில் ஆணியில் தொங்கியதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். தலையைத் திருப்பினால் முதுகிலிருந்து கால்வரை ஒரு கம்பியை இழுத்தது போலிருக்கும். அதனால் கண்ணாடியைத் திருப்பினாள். அதில் அடுப்பைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவள் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை எந்திரம் துவைக்கும். ஈரத்தோடு வெளியே எடுத்துப் போடுவது ஆளின் வேலை. தண்ணீர் குடித்த விரிப்பு ஒரு ஆள் கனம் கனக்கும். ஒருநாள் அப்படி இழுத்தபோது முதுகில் ஏதோ நழுவியது. நாலு பேர் தூக்கி வந்து இந்தப் பலகையில் போட்டார்கள். டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றதும் வேறு வழி சொன்னார். அசையாமல் படுத்திருந்தால் தானாகவே உள்ளே போக வாய்ப்பிருக்கிறது. மழைக்காலம் முடியும்வரை படுத்திருக்க வேண்டும். இடையில் எழுந்து கனம் தூக்கினால் இடது கால் போய்விடும்.

இடது கால் ஏற்கெனவே பாதி மரத்திருந்தது. அவன் தினமும் குளித்துவிட்டு வந்து அந்தப் பாதத்தைத் தடவுவான். "தெரியுதா?" என்று கேட்பான். "எந்தக் காலைத் தடவுறீங்க?" என்பாள். அது கிண்டலா உண்மையா என்று அவன் கண்ணாடியைப் பார்ப்பான்.

அவனுக்கு முன்பு மில்லில் வேலை. விவரம் தெரிந்த நாள் முதல் நூல் ஓடும் எந்திரங்களுக்கு நடுவே நடந்தவன். மில்லை மூடினார்கள். வேலை இழந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி என்று அரசு அறிவித்தது. படிக்கிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை. அவன் குழாய் வேலைக்கு எழுதிக் கொடுத்தான். அந்த வரிசைதான் குட்டையாக இருந்தது. காலையில் போனால் மதியச் சோற்றுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவார்கள். நடுவில் எதிர்வீட்டு அக்கா வந்து அவளைப் புரட்டிப் படுக்கவைத்து, வேண்டியதைச் செய்துவிட்டுப் போவாள். வாடகை, சோறு, மாத்திரை எல்லாம் அந்தப் பணத்தில்தான்.

முடிவில் ஒரு தேர்வு உண்டு. தேறினால் சான்றிதழ், அந்த மாதத்தோடு பணம் நின்றுவிடும். வேலை கிடைத்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை. தேறாவிட்டால் இன்னொரு முறை சேரலாம். ஒரே ஒரு முறை. அதற்கும் பணம் உண்டு.

வகுப்பில் முதலில் இதை வேடிக்கையாகப் பேசினார்கள். தேர்வு நெருங்கியபோது யாரும் பேசவில்லை.

சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டினான். மழை வருவதற்கு முந்தைய புழுக்கம். விசிறியை இடது கையில் வைத்துக்கொண்டான்.

"சலவைக்கூடத்து மேஸ்திரி அம்மா வந்தாங்க இன்னிக்கு" என்றாள்.

"என்னவாம்?"

"வாசல்லயே நின்னாங்க. கண்ணாடியில செருப்பு மட்டும் தெரிஞ்சுது. புதுச் செருப்பு. மாசம் பொறந்ததும் வந்துடணுமாம். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம். பாவம், அவங்களும் எவ்வளவு நாள்தான் இழுத்துப் பிடிப்பாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நாளைக்குத் தெரியும்னு சொன்னேன்."

அவன் அவள் வாயைத் துடைத்துவிட்டான்.

"நாளைக்குப் பரீட்சையில எப்படித் தோக்கப் போறீங்க?"

"டேப்பைத் திருப்பிச் சுத்தப் போறேன்."

"திருப்பின்னா?"

பையிலிருந்து ஒரு பழைய குழாய்த் துண்டையும் வெள்ளை டேப்பையும் எடுத்தான். குழாய் முனையில் திருகாக வெட்டிய மரை போகும் பக்கமாகச் சுற்றினால், இறுக்க இறுக்க டேப் மரைக்குள் படியும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் இறுக்கும்போதே பிரிந்து ஓரத்தில் திரண்டுவிடும். பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். தண்ணீர் மட்டும் வெளியே வந்துவிடும். சுற்றிக் காட்டினான்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். "இதுவா தப்பு?"

"ஆமா."

"கண்ணாடியில சரியா இருக்கே."

"கண்ணாடியில எல்லாம் இடம் மாறித்தானே தெரியும்."

"அப்ப பரீட்சைக்கு வர்ற அதிகாரி கண்ணாடி கொண்டாராம இருக்கணும்."

அவன் சிரித்தான். பிறகு, "மாஸ்டரை நினைச்சாத்தான் சங்கடமா இருக்கு" என்றான்.

"அவருக்குத் தெரியவா போகுது?"

"தெரியக்கூடாது. வேணும்னே தோத்தான்னு தெரிஞ்சா, வாங்கினது எல்லாத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. அதுகூடப் பரவாயில்லை. அந்த மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார். பழைய குழாய் வேலைக்காரர். ஒழுகினா அவருக்கு உடம்புக்கே ஆகாது."

"ஒரு நாளைக்கு முட்டாளா இருந்துட்டு வாங்க. அவ்வளவுதான்."

"எனக்கு நடிக்க வராதே."

"நடிக்கணும்னு யார் சொன்னா? முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தன்னிக்கு இருந்தீங்களே, அப்படி இருந்தா போதும்."

"அன்னிக்கு என்ன பண்ணேன்?"

"தண்ணி குடுத்தோம். குடிச்சீங்க. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே தெருக்கோடி வரைக்கும் போயிட்டீங்க. எங்கப்பா பின்னாலயே ஓடி வந்தாரு, டம்ளருக்காக."

அவள் சிரித்தாள். சிரிப்பு முதுகுக்கு இறங்கியதும் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவன் விசிறினான்.

"சிரிக்க வைக்காதீங்க" என்றாள்.

"நீதானே சொன்னே."

"நான்தான் சொன்னேன். நீங்க ஏன் அப்படிப் பண்ணீங்க?"

*

பயிற்சிக் கூடம் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. சுவர் நெடுகப் பலகைகள் அடித்திருந்தார்கள். ஆளுக்கொரு பலகை. இரும்புக் குழாயை அளந்து அறுத்து, மரை வெட்டி, இரண்டு வளைவு வைத்து, ஒரு வால்வும் ஒரு குழாய்மூடியும் பொருத்திப் பலகையில் நிறுத்த வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரி வருவார். கைப்பம்பால் தண்ணீர் ஏற்றுவார். பம்பில் இருக்கும் முள் ஏறி நின்ற இடத்திலேயே நின்றால் தேர்ச்சி. இறங்கினால் தோல்வி.

மாஸ்டர் காலையிலேயே வந்திருந்தார். குட்டையான ஆள். விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திருப்புளிப் பிடி போலிருக்கும். குழாயில் காதை வைத்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு.

"பதறாதீங்கப்பா" என்றார். "தண்ணிக்கு இரக்கமே கிடையாது. மயிரிழை இடம் குடுத்தாலும் வெளிய வந்துடும். அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

"ஞாபகம் வெச்சிருக்கோம் சார்" என்றார் டிரைவர்.

டிரைவர் அவனுக்குப் பக்கத்துப் பலகை. கண் மங்கியதால் பஸ் ஓட்டக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இவனை 'மில்லு' என்றுதான் கூப்பிடுவார்.

மாஸ்டர் நகர்ந்ததும் டிரைவர் குனிந்தார். "மில்லு, நீ எந்த இடத்துல?"

"ரெண்டாவது வளைவு. நீங்கண்ணே?"

"நான் எதுவும் பண்ண வேண்டியதில்லை தம்பி. எனக்கு மரையே கண்ணுக்குத் தெரியாது. நேர்மையாவே தோப்பேன்."

அவன் குழாயைக் கவ்வியில் பூட்டி எண்ணெய் விட்டான். மரை வெட்டும் அச்சைச் சுழற்றினான். இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. கொட்டகைக்குள் காற்றே இல்லை. முதல் வளைவைச் செய்தபோது கை தானாக ஓடியது. வால்வும் அப்படியே. இரண்டாவது வளைவுக்கு வந்ததும் நின்றான்.

டேப்பை மரைமேல் வைத்தான். கட்டைவிரல் பழக்கப்பட்ட பக்கமே போனது. பிரித்தான். மறுபடி வைத்தான். மறுபடியும் அதே பக்கம். மில்லில் நூல் அறுந்தால் விரல் தானாக முடிச்சுப் போடும், மனம் வேறெங்காவது இருக்கும். இந்த விரல்களை இப்போது பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. கண்ணாடியில் அவள் பார்த்ததை நினைத்துக்கொண்டான். திருப்பிச் சுற்றினான். வளைவைப் பூட்டி இறுக்கியபோது டேப் பிரிந்து ஓரத்தில் வெள்ளையாகத் திரண்டது. அதை நகத்தால் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முடித்தபோது முதுகு நனைந்திருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. கொட்டகைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தார்கள். டிரைவர் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கொண்டுவந்திருந்தார். இவனிடம் நேற்றைய பருப்பும் சோறும்.

"தங்கச்சி எப்படி இருக்கு?"

"இருக்கா அண்ணே. நேத்து சிரிச்சா."

"சிரிச்சா நல்லதுதானே."

"அவளுக்கு வலிக்கும்."

டிரைவர் முட்டையைப் பாதியாக்கி இவன் பாத்திரத்தில் வைத்தார். "போன தடவை பாஸான பசங்களைப் பாத்தியா? மார்க்கெட் முக்குல பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. கட்டடம் எல்லாம் பாதியில நிக்குது. யாருக்குக் குழாய் போடுவானுங்க? ஒருத்தன் என்னைப் பாத்துக் கேக்குறான், 'அண்ணே, உங்க வீட்டுல எதுவும் ஒழுகலையா'ன்னு. ஒழுகலைன்னு சொன்னதும் முகம் செத்துப்போச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கொட்டகைக்குள் குழாய் முறுக்கும் ரிஞ்ச் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. மாஸ்டர் சாமான்களை ஒழுங்கு பண்ணுகிறார் என்று நினைத்தான்.

அதிகாரி வந்தார். கழுத்தில் கைக்குட்டை சுற்றியிருந்தார். வெயிலோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர் போலிருந்தார். பம்பை ஒவ்வொரு பலகையாக மாட்டச் சொன்னார். முதல் இரண்டு பேரும் தேறினார்கள். மூன்றாவது ஆளின் வால்வு சீறி அதிகாரியின் சட்டையை நனைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

டிரைவருடைய குழாய் மூன்று இடத்தில் ஒழுகியது. "என்ன பெரியவரே, பூவாளி செஞ்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்தது அவன்.

பம்பு மாட்டப்பட்டது. உதவியாள் கைப்பிடியை அழுத்தினான். முள் ஏறியது. அவன் இரண்டாவது வளைவைப் பார்த்தான். ஒரு துளி போதும். உதவியாள் இன்னும் அழுத்தினான். முள் கோட்டைத் தொட்டது. வளைவின் விளிம்பு காய்ந்திருந்தது. உள்ளே ஊறி வர நேரமாகலாம் என்று நினைத்தான். தண்ணிக்கு இரக்கம் கிடையாது என்று சொன்னாரே. வா, என்று மனதுக்குள் கூப்பிட்டான். வந்துடு.

முள் நின்ற இடத்தில் நின்றது.

"பரவாயில்லையே" என்றார் அதிகாரி. "கையால தடவிப் பாரு."

உதவியாள் தடவினான். "ஈரமே இல்லை சார்."

"தேர்ச்சி."

பின்னால் யாரோ கை தட்டினார்கள். மாஸ்டர்தான். அவன் போய் வளைவைத் தொட்டுப் பார்த்தான். விளிம்பில் ஓரமாக டேப் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. சரியான பக்கம் சுற்றியது. சட்டைப் பையில் விரலை விட்டான். தான் கிள்ளிப் போட்ட துணுக்கு அங்கேயே இருந்தது.

*

எல்லோரும் கிளம்பும்போது மாஸ்டர் கண்ணைக் காட்டினார். அவன் சாமான் அறைக்குள் போனான். மாஸ்டர் கதவைச் சாத்தினார்.

"உன் வளைவு ஒழுகியிருக்கும், தெரியுமா?"

அவன் கை சட்டைப் பைக்குப் போனது.

"டேப்பைத் திருப்பிச் சுத்தியிருந்தே. முதல் வாரத்துப் பாடம். நீ பண்ற தப்பா அது? முதல்ல நானே நம்பலை. அப்புறம் யோசிச்சேன். வீட்டுல அப்படி ஒருத்தியைப் படுக்க வெச்சுக்கிட்டு எவனுக்குய்யா கை நிக்கும்? தூங்கியிருக்க மாட்டே."

"சார்…"

"சாப்பாட்டு நேரத்துல கழட்டி நானே போட்டுட்டேன்." மாஸ்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு காரியம் பண்ணதில்லை. ஒருத்தனுக்குப் பண்ணத்தான் நேரம் இருந்துச்சு. டிரைவரோடதும் மோசம், பாத்தேன். ஆனா உன்னைத்தான் நினைச்சேன்."

"சார், நான் வந்து—"

"பேசாதே. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். ரெண்டு பொண்ணுங்க இருக்கு எனக்கு. உன் வாய்ல இருந்து வராது, தெரியும். நாலு இடத்துல உன்னைப் பத்திச் சொல்லி வைக்கிறேன். இப்ப வேலை மந்தமா இருக்கு. நாள் எடுக்கும்."

மாஸ்டரின் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சந்தோஷம் இருந்தது. திருட்டு மாங்காய் அடித்த சின்னப் பையன் முகம் போல. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ரொம்ப நன்றிங்க சார்" என்றான்.

"போ. முகத்தைத் துடைச்சுக்க. பாஸானவன் எவனும் இப்படி வேர்த்து நான் பாத்ததில்லை. போய் அவகிட்ட நல்ல சேதி சொல்லு."

வாசலில் டிரைவர் காத்திருந்தார். கொஞ்ச தூரம் நடந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"கை பழகிடுச்சு போலண்ணே."

"நல்லாப் பழகுச்சு. சான்றிதழ் வேணாம்னு எழுதிக் குடுத்துடேன்."

"தேர்ச்சின்னு சொன்னதுமே ஆபீஸ்ல போய்க் கேட்டேன். வாங்கினாலும் வாங்காட்டியும் பேர் ஏறிடுச்சாம். பணம் நின்னுடுமாம்."

டிரைவர் வீட்டுக்கென்று வழியில் வாழைப்பழம் வாங்கியிருந்தார். தெரு பிரியும் இடத்தில் அதை இவன் கையில் திணித்தார். "தங்கச்சிக்குக் குடு" என்றார். இவன் முகத்தைப் பார்க்காமல் வேகமாக நடந்தார். அவருக்கு இன்னொரு பயிற்சிக் காலம் இருந்தது. அதற்காகக் கூச்சப்படுகிறவர் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு போனார்.

*

வாசலில் கால் வைத்ததுமே கண்ணாடி திரும்பியது.

"ஒழுகுச்சா?"

"இல்லை."

கண்ணாடி அப்படியே நின்றது. அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். டேப், ரொட்டி, முட்டை, முள், சாமான் அறை. மாஸ்டர் விரல்களைப் பார்த்துக்கொண்டதையும் சொன்னான்.

"பாவம் மனுஷன்" என்றாள் கடைசியில்.

"ம்."

"நன்றி சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நல்லது. எதுவும் பேசாம வந்திருந்தா அவருக்குக் கஷ்டமா இருந்திருக்கும்."

மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த படுக்கை விரிப்பு அவனுக்கு ஞாபகம் வந்தது. காலையில் துவைத்துப் போட்டது. ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் முழுக்க நனைந்துவிட்டது. வாளியில் போட்டு உள்ளே கொண்டுவந்தான். அறைக்குள் சுவருக்குச் சுவர் கயிறு கட்டினான்.

"மார்க்கெட் முக்குல நின்னு பாக்குறேன்" என்றான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே. "குழாய் வேலை இல்லேன்னா மூட்டை. எதுனாலும் தூக்குறேன்."

"நில்லுங்க. போன தடவை பாஸானவங்களும் அங்கதான் நிக்கிறாங்க."

"நீ எந்திரிக்கக் கூடாது."

"சரி."

"டாக்டர் என்ன சொன்னார்னு தெரியுமில்ல?"

"படுத்திருன்னு சொன்னார். படுத்திருக்கிற வரைக்கும் சோறு போடுறேன்னு சொன்னாரா?" கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு கண்ணாடியை நீட்டினாள். "இதை ஆணியில மாட்டுங்க."

அவன் வாங்காமல் நின்றான்.

"மாட்டுங்க. இன்னும் ஒரு வாரம் இருக்கு மாசம் பொறக்க. திடீர்னு அங்க போய் நின்னா விழுந்துடுவேன். இங்கயே பழகிக்கிறேன்."

மாட்டினான். திரும்பி வந்து அவள் அக்குள்களில் கை கொடுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் நினைத்ததைவிட லேசாக இருந்தாள். சுவரைப் பிடித்து நின்றாள். மூச்சு வாங்கியது. குனிந்து பார்க்க முடியாமல் நேரே கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்.

"இடது கால் தரையில இருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இருக்கு. ஊனித்தான் நிக்கிறே."

"அப்ப வாளியைக் கொண்டாங்க."

"வேணாம்."

"கொண்டாங்க. பெஞ்சு மேல வைங்க, குனிய மாட்டேன். அங்கயும் எந்திரம் இந்த உயரத்துலதான் இருக்கும்."

வாளியைப் பெஞ்சின்மேல் வைத்தான். அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் வாளிக்குள் விட்டு விரிப்பின் மையத்தைத் தேடிப் பிடித்தாள். அதில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. மெல்ல இழுத்தாள். விரிப்பு தண்ணீரைச் சொரிந்துகொண்டு மேலே வந்தது. பாதி வந்ததும் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் இரண்டு கையையும் விரிப்புக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

"கையை எடுங்க" என்றாள்.

"கொஞ்ச நேரம் இரு."

"அங்க யாரு பிடிப்பாங்க? எடுங்க."

கயிறு அவள் முகத்துக்கு நேரே இருந்தது. ஈரம் தரையில் ஓடி அவள் இடது பாதத்தைச் சுற்றிக்கொண்டது. அது அவளுக்குத் தெரியவில்லை.

"எடுங்கன்னா."

எடுத்தான்.